இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு மாதம்: வாடகைத் தேதிகளும் சாதியும்

வீடு மாறுகிறவர்கள் ஒரு மாதம் இரண்டு வீட்டுக்கும் வாடகை கொடுக்கிறார்கள். பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வருமுன்பே புது வீட்டு அட்வான்ஸைக் கட்டுகிறார்கள். இதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. 'வீடு மாறினா செலவு ஆகத்தான் செய்யும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். மாணவத் தோழர்கள் பலருக்கு ஊரிலிருந்து நகரத்துக்கு வந்தவுடன் கிடைக்கும் முதல் பொருளாதாரப் பாடமே இதுதான்.

இந்தச் செலவுக்கு ஒரு வரலாறு உண்டு, அந்த வரலாற்றில் சாதியும் உண்டு. குடியிருப்புச் சட்டங்கள் நூறு ஆண்டுகளாக ஒரு வீட்டையும் அதன் உரிமையாளரையும் பற்றியே பேசி வந்திருக்கின்றன. இரண்டு வீட்டுக்கு நடுவே நிற்கிற குடும்பத்தைப் பற்றி அவை பேசியதே இல்லை. அந்த இடைவெளியில் அதிக நாள் நிற்க வைக்கப்படுகிறவர்கள் தலித்துகளும் முஸ்லிம்களும். அதனால்தான் இரட்டை வாடகையை நாம் ஒரு சாதி வரி என்று சொல்கிறோம். சொன்னால் போதாது, கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

வில்லாபுரத்துக் கணக்கு

மதுரைக்குத் தெற்கே, அவனியாபுரம் போகும் வழியில் இருக்கிறது வில்லாபுரம். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு ஒரு பக்கம், சந்து சந்தாக வாடகை வீடுகள் மறுபக்கம். கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் ஆட்டோ ஓட்டவும் போகிறவர்கள் வாழ்கிற பகுதி. இங்கே வாடகை என்றால் தண்ணீரையும் சேர்த்துத்தான் பேசுவார்கள். குடிநீருக்காக இந்தப் பகுதி கொடுத்த விலை நமக்குத் தெரியும். 1996இல் இங்கிருந்து மதுரை மாநகராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மார்க்சிஸ்ட் கட்சித் தோழர் லீலாவதி, குழாய்த் தண்ணீருக்காகப் போராடியவர். 1997 ஏப்ரல் 23 அன்று வில்லாபுரத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தண்ணீர் வருகிற சந்துக்கு ஒரு வாடகை, வராத சந்துக்கு ஒரு வாடகை என்கிற ஊரில், தண்ணீருக்காகப் போராடுவது வாடகைக்காகப் போராடுவதும்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் தெரு நிலவரத்தை வைத்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டு வாடகை 5,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாத வாடகை, 50,000. புது வீட்டு வாடகை 6,000, அட்வான்ஸ் 60,000. புது வீட்டுக்குச் சாவி வாங்குவதற்கு முன் 60,000 வைக்க வேண்டும். அந்த மாத வாடகை 6,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 6,000. சாமானைத் தட்டுமுட்டோடு ஏற்றக் குட்டியானை வண்டிக்கும் தூக்குகூலிக்கும் 2,000. பழைய வீட்டை இன்னும் ஒப்படைக்காததால் அங்கேயும் ஒரு மாதம், 5,000. மொத்தம் 79,000 ரூபாய் கையில் இருந்தால்தான் அந்தக் குடும்பம் நகர முடியும். பழைய அட்வான்ஸ் வரும்போது 'வெள்ளையடிக்க' என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு 45,000 கொடுப்பார்கள். அதுவும் அடுத்த ஆள் குடிவந்த பிறகு.

அட்வான்ஸ் திரும்பி வரும் பணம் என்பதால் அதைக் கழித்துப் பார்ப்போம். திரும்பி வராத பணம் எவ்வளவு? இரட்டை வாடகை 5,000, வெள்ளையடிப்பு 5,000, புரோக்கர் 6,000, வண்டி 2,000. ஆக 18,000. நடுவில் 50,000 ரூபாயை மூன்று வட்டிக்கு இரண்டு மாதம் வாங்கியிருந்தால் வட்டி 3,000. மொத்தம் 21,000. புது வீட்டு வாடகையில் மூன்றரை மாதம் காற்றில் போகிறது.

இது எல்லாச் சாதிக்கும் பொதுவான கணக்கு. சாதி எங்கே நுழைகிறது என்றால், தேதியில். 'டூலெட்' போர்டைப் பார்த்து உள்ளே போனால் முதல் கேள்வி 'தம்பி, எந்த ஊரு?' அடுத்தது 'ஊர்ல எந்தப் பக்கம்?' பிறகு 'கவிச்சி சாப்பிடுவீங்களா?', 'குலசாமி எது?' கடைசியில் நேராகவே, 'நீங்க என்ன ஆளுக?' பதில் பிடிக்காவிட்டால் 'சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி' என்று டோக்கன் அட்வான்ஸ் திரும்பி வரும். ஒரு நாள் கழித்தும் வரும், பத்து நாள் கழித்தும் வரும். இந்த அனுபவம் உள்ள குடும்பம், புது வீட்டுச் சாவி கைக்கு வராமல் பழைய வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லத் துணியாது. சொல்லாததால் முன்னறிவிப்பு தள்ளிப்போகிறது. அதனால் இரண்டாவது வாடகை விழுகிறது. துணிந்து முன்கூட்டியே சொல்லிவிட்டால் நிலைமை தலைகீழ்: பழைய வீட்டுக்கு ஆள் வந்துவிடும், புது வீடு கைநழுவும், சாமான் ஒரு சொந்தக்காரர் வீட்டிலும் பிள்ளைகள் இன்னொருவர் வீட்டிலும் கிடக்க வேண்டும். ஆக இரண்டு வாடகை, அல்லது வீடே இல்லாத ஒரு மாதம்.

தேதியே இல்லாத குடியிருப்பு

இந்த நிலை நகரத்தில் தொடங்கியதல்ல. கிராமத்தில் நம் முன்னோர்கள் குடியிருந்த மண்ணுக்கு வாடகைத் தேதி என்று ஒன்று இருந்ததில்லை. எந்த நாளிலும் வெளியேற்றலாம் என்பதே அங்கே ஒப்பந்தம். தமிழகத்தின் பல பகுதிகளில் சேரி இருந்த நிலத்துக்கே மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். குடிசை நம்முடையது, குடிசைக்குக் கீழே இருக்கும் மண் அவர்களுடையது. கூலி உயர்வு கேட்டாலோ, வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனாலோ, குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல முடிந்தது. வீட்டு மனையே கொத்தடிமைத்தனத்தின் கயிறாக இருந்தது.

1890களின் தொடக்கத்தில் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கை பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்தது என்று நாம் படித்திருக்கிறோம். அதே அறிக்கை மனையுரிமை இல்லாத சேரி மக்களின் நிலையையும் பேசியது. பஞ்சமி நில ஆணை 1892இல் வந்தது. 1920களில் தொழிலாளர் துறை, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காக மனைகளைக் கையகப்படுத்தி, பெரும்பாலும் விலையைத் தவணையாக வசூலித்துக்கொண்டு கொடுக்கத் தொடங்கியது. இன்று பல ஊர்களில் 'காலனி' என்று அழைக்கப்படும் தெருக்களின் தொடக்கம் இப்படிப்பட்ட அரசு மனைகள்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் குடிசை மண் மாறவில்லை. 1961இல்தான் குடியிருப்புதாரர்களை வெளியேற்றத்திலிருந்து பாதுகாக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, 1971இல், விவசாயத் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு மண்ணைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. இன்று வில்லாபுரத்தில் வாடகைக்கு இருக்கும் ஒருவரின் தாத்தா, சட்டப்படி தன் குடிசை மண்ணுக்கு உரிமை கோர முடிந்ததே அந்த ஆண்டில்தான். பேரன் அட்வான்ஸ் கொடுக்க விற்பதற்கோ அடமானம் வைப்பதற்கோ மூன்று தலைமுறைச் சொத்து ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

பரோடாவில் கேட்ட ஒரு வாரம்

இரண்டு வீட்டுக்கு நடுவே நிற்பது என்றால் என்ன என்பதை அண்ணல் அம்பேத்கரே எழுதியிருக்கிறார். 1917இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசுப் பணிக்குப் போகிறார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயர் ஒன்றில் பதிவு செய்துகொண்டு, நாள் வாடகைக்குத் தங்குகிறார். அரசு பங்களா ஒன்று கேட்டு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்கிறது.

அவர் கேட்டது என்ன? ஒரு வாரம். அதற்குள் அரசு பங்களா கிடைத்துவிடும் என்று நினைத்துக் கெஞ்சிக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். நண்பர்கள் இருவரிடம் போனார், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இருவர் வீட்டிலும் இடமில்லை என்று ஆனது. இரவு ரயிலுக்கு இன்னும் நேரமிருந்ததால் பரோடாவின் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார்.

இந்த நிகழ்ச்சியைத் தீண்டாமைக் கொடுமை என்று மேடையில் சொல்கிறோம், சரிதான். அதன் உள்ளடக்கத்தையும் கவனியுங்கள். வேலை இருந்தது, வாடகை கொடுக்கப் பணம் இருந்தது, அடுத்த வீட்டுக்கான மனுவும் போய்ச் சேர்ந்திருந்தது. இல்லாமல் போனது இரண்டு வீட்டுத் தேதிகளை இணைக்கும் ஒரு வாரம் மட்டுமே. அந்த ஒரு வாரம் இல்லாததால் அவருக்கு வேலையும் போனது. இன்றைக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு வேலை கிடைத்த ஊரில் வீடு கிடைக்கத் தாமதமாகும்போது நடப்பது இதுதான்.

அட்வான்ஸுக்கு ஒரு மாத வரம்பு இருந்த காலம்

இரண்டாம் உலகப் போர் காலத்தில் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் வந்தபோது சென்னை மாகாண அரசு வாடகையைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. போர்க்கால ஆணைகளுக்குப் பின் 1946, 1949, 1960 என்று மூன்று வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. அப்போது நகராட்சியாக இருந்த மதுரைக்கும் அவை பொருந்தின. கடைசிச் சட்டம் ஏறத்தாழ 60 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் இளைஞர்கள் அறியாத இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, அட்வான்ஸாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆம், ஒரே மாதம். பத்து மாத அட்வான்ஸ் என்பது ஊர் வழக்கமாக வேரூன்றியது இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதுதான். கூடுதலாக வாங்கிய அட்வான்ஸை வாடகைப் பாக்கியில் கழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் ஒரு தமிழக வழக்கில் சொன்னது. தெருவில் எதுவும் மாறவில்லை.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. வீடு காலியானால் உரிமையாளர் ஏழு நாளுக்குள் அரசு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசு தேவையென்றால் அந்த வீட்டை எடுத்து அரசு ஊழியருக்கு ஒதுக்கலாம். காலி வீடு யாருக்குப் போக வேண்டும் என்பதை வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு விடாமல் அரசு தலையிட முடியும் என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது. அந்த அதிகாரத்தை சாதி பார்த்து வீடு மறுக்கப்படுகிறவர்களுக்காகப் பயன்படுத்தும் பிரிவு எதையும் எழுதவில்லை. கருவி கையில் இருந்தது, நமக்காக அது எடுக்கப்படவில்லை.

சொந்த வீடு இல்லாத ஒரு தலித் தலைவர் மதுரையிலேயே இருந்தார். மேலூர் தும்பைப்பட்டியில் பிறந்த தியாகி கக்கன், 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் மாநில உள்துறை அமைச்சர். பதவி போன பிறகு சொந்த வீடு இல்லாமல் வாழ்ந்தார். மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் கிடந்தவரைப் பார்த்த பிறகுதான் எம்.ஜி.ஆர். அரசு உதவித்தொகையும் வாடகையில்லா வீடும் கொடுத்தது. இதை நேர்மைக்கு எடுத்துக்காட்டாக ஆண்டுதோறும் பேசுகிறார்கள். நாம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உள்துறை அமைச்சராக இருந்த தலித்துக்கே முதுமையில் வீடு அரசின் கருணையாகத்தான் வந்தது, உரிமையாக வரவில்லை.

பதினோரு மாதமும் ஆடி மாதமும் ஒத்தியும்

சட்டத்துக்கு வெளியே வழக்கம் என்று ஒன்று நம்மை ஆள்கிறது. அதில் மூன்று கணக்குகள் வீடு மாறுகிறவரின் தேதிகளை முடிவு செய்கின்றன.

முதலாவது பதினோரு மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையையும் ஆண்டுக் குத்தகையையும் பதிவு செய்ய வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டமும் 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டமும் வைத்த விதி. பதிவுச் செலவைத் தவிர்க்க வந்தது பதினோரு மாதம். அதன் விளைவு, ஒவ்வொரு பதினோராம் மாதமும் 'கூட்டிக் கொடுங்க, இல்லைன்னா காலி பண்ணுங்க' என்று சொல்ல ஒரு தேதி. எழுத்தில் எதுவுமே இல்லாத மாத வாடகைக்கு அந்த 1882 சட்டம் கொடுக்கும் முன்னறிவிப்பு வெறும் 15 நாள்.

இரண்டாவது நம் மாதங்கள். வாடகை இங்கிலீஷ் மாதக் கணக்கில் ஓடுகிறது. பால் காய்ச்சுவது தமிழ் மாதக் கணக்கில் நடக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக மாட்டார்கள். தை பிறப்பது சனவரி நடுவில், ஆவணி பிறப்பது ஆகஸ்ட் நடுவில். நல்ல நாள் பார்த்து தை முதல் வாரத்தில் பால் காய்ச்சினால், பழைய வீட்டுக்குச் சனவரி முழு வாடகை, புது வீட்டுக்கும் சனவரியிலிருந்தே வாடகை. இரண்டு நாட்காட்டிக்கு நடுவே இரட்டை வாடகை தானாக உட்கார்ந்துகொள்கிறது. நாள் பார்க்காத நம் தோழர்களும் தப்ப முடியாது, ஏனென்றால் மற்றவர்கள் நாள் பார்த்துக் காலி செய்யும்போதுதான் வீடுகள் காலியாகின்றன. அதேசமயம் ஆடியிலும் மார்கழியிலும் காலியாகக் கிடக்கும் வீட்டுக்குப் போட்டி குறைவு, பேரம் பேச முடியும். பகுத்தறிவு பையில் காசு மிச்சம் பிடிக்கும் அபூர்வமான இடம் இது.

மூன்றாவது ஒத்தி. மதுரையில் வாடகைக்கு நிகராக நடக்கும் வழக்கம். சில லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது, காலி செய்யும்போது அதே தொகையை வட்டியில்லாமல் வாங்கிக்கொள்வது. மாத வாடகைச் சுமை இல்லை என்பதால் நகையை விற்றும் கடன் வாங்கியும் பலர் ஒத்திக்குப் போகிறார்கள். வீடு மாறும்போதுதான் அதன் முடிச்சு தெரியும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை எப்போதோ செலவழித்திருப்பார். அடுத்த ஒத்தி ஆள் பணம் கொடுத்தால்தான் உங்களுக்குத் திரும்பி வரும். நீங்கள் கொடுத்தால்தான் அடுத்த வீட்டில் இருப்பவர் கிளம்புவார். ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தால் எல்லோரும் நிற்க வேண்டும். சொத்தை அடமானமாக வைத்து அனுபவிக்கும் ஒத்தியைச் சட்டம் பதிவு செய்யச் சொல்கிறது. தெருவில் பெரும்பாலும் ஒரு பத்திரத்தாளில் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. பணம் வராதபோது நீதிமன்றத்தில் அந்தத் தாள் பலவீனமாக நிற்கும்.

உலகத்தில் இந்தச் சிக்கலுக்கு வேறு விடைகளும் இருந்திருக்கின்றன. நியூயார்க்கில் 19ஆம் நூற்றாண்டில் மே 1 அன்று ஊரே ஒரே நாளில் வீடு மாறியது. கனடாவின் கியூபெக்கில் இன்றும் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30 முடிந்து ஜூலை 1 தொடங்குகின்றன. இரட்டை வாடகை குறைகிறது, ஆனால் அன்றைக்கு வண்டி கிடைக்காது, வீடு கிடைக்காத குடும்பம் தெருவில் நிற்கும். தேதியை ஒன்றாக்கினால் மட்டும் போதாது, வீட்டை மறுக்கும் உரிமையையும் தொட வேண்டும்.

2017 சட்டம் எதைச் சொல்கிறது, எதை விட்டது

1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக தமிழ்நாடு 2017இல் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். குடிநீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளை நிறுத்தக் கூடாது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்ப வேண்டும்.

நம் வில்லாபுரத்துக் கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். புது அட்வான்ஸ் 60,000க்குப் பதில் 18,000. கையில் தேவைப்பட்ட 79,000, 37,000 ஆகக் குறைகிறது. பாதிக்கும் கீழே. சட்டத்தைத் தெருவில் நடைமுறைப்படுத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதில் தெரிகிறது.

ஓட்டைகளையும் பார்க்க வேண்டும். 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை' என்ற சொற்கள் இருக்கும்வரை பத்து மாத அட்வான்ஸை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடலாம். வீடு தேடி அலைந்து களைத்தவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவார். இரண்டாவது, தேதி. வாடகைதாரர் கெடு தாண்டித் தங்கினால் இருமடங்கு வாடகை கேட்க உரிமையாளருக்கு இடமுண்டு. உரிமையாளருக்கோ அட்வான்ஸைத் திருப்ப ஒரு மாத அவகாசம் உண்டு. அடுத்த வீட்டு அட்வான்ஸை இன்றைக்கே கட்ட வேண்டியவருக்கு, எல்லோரும் சட்டத்தை முழுமையாக மதித்தால்கூட, ஒரு மாதக் கடன் மிஞ்சுகிறது. சாவியைக் கொடுக்கும் நாளிலேயே அட்வான்ஸ் என்று எழுதியிருந்தால் அந்தக் கடனே தேவைப்படாது.

மூன்றாவது ஓட்டைதான் பெரியது. சாதியோ மதமோ பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், வீடு வாடகைக்கு விடுவதில் நிறப்பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது. பிரிட்டனிலும் அதே ஆண்டு வந்தது. நம் அரசமைப்பின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் என்று பட்டியலிடுகிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. 2005இல் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், தம் சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்ற விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அண்ணலைத் துரத்திய பரோடா விடுதி நம் நினைவுக்கு வராமல் இருக்குமா?

டெல்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் வெவ்வேறு சமூகத்தினரை வீடு கேட்க வைத்து நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. மறுப்பு மட்டுமல்ல, கூடுதல் வாடகையும் கூடுதல் நிபந்தனையும் போட்டுக் கொடுப்பதும் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் நடப்பதை அது காட்டியது. வீடு கிடைத்துவிட்டது என்பதற்காகப் பாகுபாடு இல்லை என்று ஆகிவிடாது.

கையிலிருக்கும் சட்டம் ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டவோ பெறவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடை செய்வதைக் குற்றம் என்கிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அதோடு அபராதமும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறக் கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. 2015 திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பின் விளக்கத்தில் ஒப்பந்த வாய்ப்பை மறுப்பதையும் சேர்த்தது. பிரச்சினை சான்று. 'சொந்தக்காரங்க வர்றாங்க' என்ற சொல்லில் சாதி எங்கே என்று காவல் நிலையத்தில் கேட்பார்கள்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று, டோக்கன் கொடுக்கும்போதே துண்டுச் சீட்டாவது வாங்குங்கள். தொகை, தேதி, சாவி கிடைக்கும் நாள், வாடகை தொடங்கும் நாள், உரிமையாளர் பின்வாங்கினால் பணம் திரும்பும் நாள் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகவோ கைபேசி வழியாகவோ அனுப்புங்கள்.

இரண்டு, மாதத்தின் நடுவில் போகிறீர்கள் என்றால் நாள் கணக்கில் வாடகை கேளுங்கள். காலியாகக் கிடக்கும் வீட்டுக்காரர் பாதிப்பேர் ஒத்துக்கொள்வார்கள், கேட்காததால்தான் முழு மாதம் போகிறது. பழைய வீட்டில் கடைசி மாத வாடகைகளை அட்வான்ஸில் கழித்துக்கொள்ள முன்னறிவிப்புக் கொடுக்கும் நாளிலேயே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அட்வான்ஸைத் துரத்தி அலைவதைவிட அது மேல்.

மூன்று, புது ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: இரு தரப்புக்கும் ஒரே அளவு முன்னறிவிப்பு, வெள்ளையடிப்புக்கு உச்சவரம்பு, சாவி கொடுக்கும் நாளிலேயே அட்வான்ஸ். இரண்டு வீட்டிலும் மின் மீட்டரை அந்தந்த நாளில் படம் எடுத்து வையுங்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அடுத்தவர் யூனிட் உங்கள் அட்வான்ஸில் பிடிக்கப்படும்.

நான்கு, தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்வோம். ஒவ்வொரு பகுதியிலும் மாணவர் அமைப்புகளும் மகளிர் குழுக்களும் சிறு சுழல் நிதி ஒன்றை வைத்தால், இரண்டு மாதத்துக்கு வட்டியில்லாமல் அட்வான்ஸ் பணம் கொடுத்து வாங்க முடியும். நம் கணக்கில் அந்த 3,000 ரூபாய் வட்டி மிச்சமாகும். அதைவிட, வட்டிக்காரரிடம் போகாமல் ஒரு குடும்பம் வீடு மாறும். கூடவே மறுப்புப் பதிவேடு ஒன்று வேண்டும். எந்தத் தெரு, எந்தத் தேதி, என்ன கேட்டார்கள், டோக்கன் எப்போது திரும்பியது. ஒரு மறுப்பு வெறும் புகார். ஒரே வீட்டில் மூன்று தலித் குடும்பத்துக்கு மறுப்பு, நான்காவது நாள் வேறு சாதிக்கு வீடு என்று தேதியோடு இருந்தால் அது சான்று.

அரசிடம் கேட்க வேண்டியதும் தெளிவு. 2017 சட்டத்தில் சாதி, மதம் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்யும் பிரிவு வேண்டும். 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை' என்பதை நீக்க வேண்டும். அட்வான்ஸ் திருப்பும் நாளும் சாவி கொடுக்கும் நாளும் ஒன்றாக வேண்டும். மூன்றுமே ஒரு திருத்த மசோதாவில் அடங்கும். 1917இல் பரோடாவில் மறுக்கப்பட்டது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தைச் சட்டத்தில் எழுதி வாங்கும் வேலை நம் தலைமுறைக்கு மிச்சமிருக்கிறது.